அந்த ஆளைக் கேட்டால் தெரியும்

"அப்பா, நேத்து வந்த ஆள் உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு."

மகள் பல் துலக்கிக்கொண்டே சொன்னாள். வாய் நிறைய நுரை. அவளுடைய அப்பா கப்பி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கழுத்தின் மேல் இருப்பது தன் தலைதானா என்று இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த ஆள்?"

"அதான், சாயங்காலம் வருவாரே. அந்த ஆள்."

சமையலறையில் உருண்டுகொண்டிருந்த பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

"என்ன சொன்னாரு?"

மகள் நுரையைத் துப்பினாள். வகுப்பில் ஒப்பிக்கிற பிள்ளையாக நிமிர்ந்து நின்றாள். "'உங்கப்பன் வந்தா சொல்லு. இனிமே கதவு தொறந்திருந்தாலும் ஓடும்.' அவ்வளவுதான். சொல்லிட்டு ரொம்ப நேரம் சிரிச்சாரு."

"வாயக் கொப்பளிச்சிட்டு வா, வேன் வந்துரும்" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. மகள் போய்விட்டாள். கப்பி எழுந்திருக்கவில்லை. 'அந்த ஆள்' என்ற சொல் இந்த வீட்டில் அவன் காதில் விழுவது இது முதல் தடவை இல்லை. சில மாதங்களுக்கு முன்பு அம்மாவும் மகளும் தங்களுக்குள் கிசுகிசுத்தபோது கேட்டிருக்கிறான். அன்றைக்கு அவன் செய்த காரியத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது. தான் இல்லாத நேரத்தில் எவனோ வந்துபோகிறான் என்று நினைத்து, வாசலில் வேற்றுச் செருப்பு கிடக்கிறதா என்று பார்த்தான். நாற்காலியை மோந்து பார்த்தான். தன் செருப்புதான் கிடந்தது. தன் வாசனைதான் அடித்தது. சரி, கெட்டிக்காரன், தடயம் இல்லாமல் வந்துபோகிறான் என்று முடிவு செய்துகொண்டான்.

வேன் போன சத்தம் கேட்டதும் கேட்டான். "யாரு அந்த ஆள்?"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் நின்றாள். மருந்துக்கடையில் பில் போடுகிறவள். எவ்வளவு கசப்பான மருந்தையும் முகம் மாறாமல் எடுத்து நீட்டிப் பழகியவள்.

"வேற யாரு? நீங்கதான்."

அவள் உட்கார்ந்து சொன்னாள். மகள் இன்னும் சின்னவளாக இருந்தபோது ஒரு நாள் சாயங்காலம் அவன் வந்த கோலத்தைப் பார்த்து மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாளாம். 'அது யாரும்மா?' என்று கேட்டாளாம். "என்ன சொல்றதுன்னு தெரியல. அது வேற ஆளு, அப்பாவைப் பாக்க வந்திருக்காரு, கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போயிடுவாரு, அப்பா காலைல வருவாருன்னு சொல்லிட்டேன். அவ அதையே பிடிச்சிக்கிட்டா. நானும் விட்டுட்டேன்."

அவசரத்துக்குச் சொன்ன பொய் வீட்டு வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் மணி அடித்தால் மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவாள். அம்மா போய்க் கதவைத் திறப்பாள். வந்தவன் சுவரோரம் கிடக்கும் நாற்காலியில் உட்காருவான்.

"நீங்களும் அதுக்கு ஏத்த மாதிரிதான் நடந்துக்குவீங்க. அவளைக் கூப்பிட்டு, 'உங்கப்பன் இருக்கானா'ன்னு கேப்பீங்க. அவ 'இல்ல'ம்பா. 'வந்தா சொல்லு'ன்னு ஏதாவது சொல்லுவீங்க. தினமும் ஒரு சேதி. இதுவரைக்கும் அவ உங்ககிட்ட சொன்னதில்ல. இன்னைக்குத்தான் சொல்லிட்டா."

கப்பிக்குக் கையில் இருந்த மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. தான் இல்லாத வீட்டில் தன் உடம்பைப் போட்டுக்கொண்டு ஒருவன் வந்து உட்கார்ந்து, தன் மகளிடம் தன்னைப் பற்றி விசாரித்திருக்கிறான். திருடன் வந்திருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது.

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. லிஃப்ட் கம்பெனியில் எல்லாருக்கும் அவன் கப்பி. ஆள் குட்டை, உருண்டை, பேசினால் கிணற்றுக் கப்பி மாதிரி ஒரு கிறீச்சு. 'எண்ணெய் போட்டாத்தான் கப்பி ஓடும்' என்று சொல்லிச் சொல்லி எண்ணெய் வாங்கிக் கொடுத்தவர்கள் அவனுடைய சக மெக்கானிக்குகள்தான். நல்லவர்கள். கெடுப்பதற்கென்று யாரும் வாங்கிக் கொடுக்கவில்லை. முதலில் சனிக்கிழமை மட்டும் என்று இருந்தது. பிறகு உடம்பு வலிக்கும் நாட்களில். பிறகு வலிக்காத நாட்களிலும். கடைசியில் காலையில் கை நடுங்குகிறது என்று மத்தியானமே. நடுக்கத்தை நிறுத்தக் குடித்தான், குடித்ததால் நடுங்கினான். நாயின் வாலை நாயே துரத்துகிற கதை. ஆனாலும் வேலைக்கு ஒரு நாள் மட்டம் போட்டதில்லை, யாரையும் கை நீட்டி அடித்ததில்லை, ஆகவே தான் குடிகாரன் இல்லை என்பது அவன் கட்சி. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருட்டு.

இப்போது அந்த உட்கார்ந்த இடத்திலேயே, மகள் ஒப்பித்த சேதி மறுபடி மண்டைக்குள் ஓடியது. கதவு திறந்திருந்தாலும் ஓடும்.

வீட்டுக் கதவைப் பற்றிய பேச்சில்லை இது.

லிஃப்டுக்கு ஒரு ஒழுக்கம் உண்டு. எந்த மாடியிலாவது கதவு சரியாக மூடவில்லை என்றால் அது நகராது. கதவு மூடியிருப்பதை லிஃப்டுக்குச் சொல்லும் பூட்டு கெட்டுப்போனால், எங்கே கோளாறு என்று தேட மெக்கானிக் ஒரு வயரை எடுத்துக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மாட்டுவான். இரண்டு முனையிலும் கவ்வி உள்ள சின்னச் சிவப்பு வயர். அது 'எல்லாக் கதவும் மூடித்தான் இருக்கிறது' என்று லிஃப்டிடம் சொல்லும் பச்சைப் பொய். பொய்யை நம்பி லிஃப்ட் ஓடும். கோளாற்றைச் சரிசெய்துவிட்டு வயரைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். கழற்றாமல் போனால், கதவு திறந்தபடியே லிஃப்ட் மேலே போகும். கதவைத் திறக்கிறவருக்கு முன்னால் லிஃப்ட் இருக்காது, லிஃப்ட் ஏறியிறங்கும் கிணறு இருக்கும்.

அவர்கள் கம்பெனி மெக்கானிக்குகளிடம் இதற்காகவே ஒரு வழக்கம். வயரை மாட்டும்போது கூடவே தன் வீட்டுச் சாவியையும் அந்த வயரில் கோத்துத் தொங்கவிட வேண்டும். எவ்வளவு அலுப்பில் கிளம்பினாலும் சாவி இல்லாமல் வீட்டுக்குள் நுழைய முடியாது, திரும்பி வந்தே ஆக வேண்டும். சட்டதிட்டத்தில் எழுதாத இந்த வழக்கம் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது.

கப்பி பையைக் கொட்டினான். திருப்புளி, சோதனை விளக்கு, கிரீஸ் டப்பா, அழுக்குத் துணி. சிவப்பு வயர் இல்லை. கால்சட்டைப் பைகளைத் திருப்பிப் போட்டான். சாவி இல்லை.

"என் சாவி எங்க?"

"எனக்கென்ன தெரியும்? நீங்க சாவி போட்டுத் தொறந்து எவ்வளவு நாளாச்சு. மணி அடிப்பீங்க, நான் தொறப்பேன்."

அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் எல்லாவற்றையும் யோசித்தார்கள். வீட்டில் ஒருத்தி உள்ளிருந்து திறந்துவிடுவாள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

நேற்றைக்கு மத்தியானம் வரைதான் அவனிடம் இருக்கிறது. கையைக் கழுவியது, வெயிலில் நடந்து மதுக்கடைக்குள் போனது, குளிர்ந்த மேசைமேல் முழங்கையை வைத்தது. அதற்கப்புறம் சுத்தமாக ஒன்றும் இல்லை. மங்கலாகக்கூட இல்லை. படத்தை வெட்டி ஒட்டியது மாதிரி அடுத்தது இந்தக் காலை. நடுவில் எந்தக் கட்டடத்துக்குப் போனான், எந்தப் பெட்டியைத் திறந்தான், எங்கே அந்தப் பொய்யை மாட்டிவிட்டு வந்தான்? இது தெரிந்தவன் ஒருவன்தான். அவன் சாயங்காலம்தான் வருவான்.

அந்த நிமிடமே ஆபீசுக்கு போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கே கோபம் வருகிறது. ஒவ்வொரு நிமிடமும் எங்கோ யாரோ ஒரு கதவை இழுத்துத் திறந்துகொண்டிருக்க, இவன் வேலை போய்விடுமே, மானம் போய்விடுமே என்று கணக்குப் போட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கணக்கு. யாருக்கும் தெரியாமல் தானே போய்த் தேடி எடுத்துவிடலாம் என்று பையை மாட்டிக்கொண்டு ஓடினான். கட்டடக் காவலாளிகள் கோளாறு என்றால் பெரும்பாலும் ஆபீசுக்குச் சொல்லாமல் நேராக அவனுக்கே போன் செய்வார்கள். போனைப் பார்த்து, நேற்று மத்தியானத்துக்குமேல் கூப்பிட்டவர்களின் கட்டடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பது என்று திட்டம்.

முதல் கட்டடத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் வயர் இல்லை. கண்ணாடி முகப்பு போட்ட இரண்டாவது கட்டடத்தில் காவலாளி அவனைக் கண்டதும் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்.

"நேத்து நான் இங்க வந்தேனாண்ணே?" என்று கேட்டான், விளையாட்டாகக் கேட்பது போல.

காவலாளி சிரிக்கவில்லை. "வந்தீங்க. வந்து என்கிட்டயே 'லிஃப்ட்காரன் வந்தானா'ன்னு கேட்டீங்க. நீங்கதானே லிஃப்ட்காரர்னேன். 'நான் இல்ல, நான் அவனைத்தான் தேடிட்டிருக்கேன்'னு சொல்லிட்டு மாடிப்படில ஏறிப் போனீங்க. எப்பத் திரும்பி எறங்கினீங்கன்னு நான் பாக்கல தம்பி. பாக்கப் பிடிக்கல."

பட்டப்பகல். வெளியே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. ஆனாலும் கப்பி அந்தப் படிகளில் ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, மேலே யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தான். மேலே யாரும் நிற்கவில்லை. யாரோ இப்போதுதான் நகர்ந்த மாதிரி இருந்தது.

மொட்டைமாடியில் இயந்திர அறை. தகரக் கதவைத் திறந்தால் சூடான எண்ணெய் வாசனை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்தான். உள்ளே ரிலே சுவிட்சுகள் டக், டக்கென்று தட்டிக்கொண்டிருந்தன. சிவப்பு வயர் இல்லை. பெட்டியை மூடப் போனவன் கை, தன்னிச்சையாக, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் போனது. அங்கே பாட்டில் இருந்தது. அவன் அதை வைத்த ஞாபகம் இல்லை. கைக்கு ஞாபகம் இருந்தது.

தரையில் உட்கார்ந்துவிட்டான். பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. விரல்கள் தனித்தனியாக நடுங்கின. லிஃப்டின் கயிறு போகும் துவாரத்தின் வழியாகக் கீழே லிஃப்டுக்குள் பேசுகிறவர்களின் குரல் தெளிவாக மேலே வந்தது. யாரோ ஒரு அம்மாள், 'பிள்ளையக் கையில புடி, புடி' என்றாள். கதவு சாத்தும் சத்தம். மோட்டார் சுழன்றது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்தது என்று சொல்வதைவிட, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து காதில் சொன்னது மாதிரி இருந்தது என்றான் பிற்பாடு. தன் குரல்தான், அந்தக் கிறீச்சோடு.

'எங்க மாட்டினேன்னு எனக்குத் தெரியும். அந்த ஆளைக் கேட்டாத்தான உனக்குத் தெரியும்? கூப்பிடு. ரெண்டு வாய் ஊத்து. வந்து சொல்றேன்.'

நியாயமாகத்தான் பட்டது. அதுதான் இதில் இருக்கிற பயங்கரம். குடிக்கச் சொல்லி வந்த காரணங்களிலேயே இது ஒன்றுதான் பிறத்தியார் உயிரைக் காப்பாற்ற வந்த காரணம். தனக்காகவா குடிக்கப் போகிறான்? யாரோ ஒரு பிள்ளை கிணற்றுக்குள் விழாமல் இருக்க அல்லவா! மூடியைத் திருகினான். வாசனை மூக்கில் ஏறியதும் உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தது.

மூடி கையிலிருந்து நழுவி உருண்டு, கயிற்றுத் துவாரத்தின் வழியாகக் கீழே விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. அடியில் போய்த் தொட்ட சத்தம் வருவதற்குள் அவனுக்கு ஒன்று புரிந்தது. அந்த ஆள் வந்தால், வந்து சொன்னால், கேட்டுக்கொள்ள இங்கே யார் இருப்பார்கள்? வந்தவன் மறுபடியும் சிரித்துவிட்டுப் போவான். நாளைக் காலையில் மகள் இன்னொரு சேதியை ஒப்பிப்பாள்.

பாட்டிலைக் கையில் வைத்தபடியே போனை எடுத்து ஆபீசுக்கு அடித்தான். அங்கே கோளாறு போன்களை எடுக்கிற அம்மாளை எல்லாரும் போன் அக்கா என்பார்கள். வாய் நீளம், மனசு அகலம்.

"சொல்லு கப்பி. எந்த லிஃப்ட்ல தொங்கற?"

"அக்கா, என் கைல இருக்கற எல்லா லிஃப்டையும் நிறுத்துங்க."

"எல்லாத்தையுமா? வெளையாடறியா? எதுல என்ன கோளாறு?"

"எதுலன்னு தெரியல. ஒண்ணுல கதவு வயரை மாட்டிட்டு எடுக்காம வந்துட்டேன். சாவியும் காணோம். நேத்து மத்தியானத்துக்கு மேல எனக்கு எதுவும் ஞாபகமில்லக்கா. குடிச்சிருந்தேன்."

சொல்லிவிட்டான். இவ்வளவு வருஷமாகத் தொண்டையில் சிக்கியிருந்த எலும்பு. எதிர்முனையில் அவள் யாரிடமோ, "மெயினை அணைக்கச் சொல்லு, இவன் ஏரியா முழுக்க. எல்லா வாட்ச்மேனுக்கும் போன் போடு. காரணம் கேட்டா நான் பேசறேன்னு சொல்லு" என்று கத்துவது கேட்டது. திரும்பி வந்தாள்.

"இப்ப குடிச்சிருக்கியா?"

"இல்ல. பாட்டில் கைல இருக்கு. மூடி இல்ல."

"கீழ வை. கொட்டணும்னு வீராப்பு பண்ணாத, வாசனைலயே விழுந்துருவ. அங்கயே வெச்சிட்டு ரூமை விட்டு வெளிய வா. வெயில்ல நில்லு. லைன்ல இரு."

அவன் வெயிலில் வந்து நின்றான். முதுகுக்குப் பின்னால் மோட்டார் மெல்ல மெல்ல நின்றது. அவனுக்கு அப்போது அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதான். போன் அக்கா மற்ற போன்களை எடுத்துக்கொண்டே நடுநடுவே அவனிடம் வந்து, "இருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்று அந்த நகரத்தில் எத்தனையோ பேர் மூட்டை முடிச்சோடும் மூட்டு வலியோடும் படியேறினார்கள். லிஃப்ட் கம்பெனிக்காரனை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினார்கள். திட்டுவதற்கு உயிரோடு இருந்தார்கள்.

வயர் கிடைத்தது. அவன் தேடப் போன வரிசையிலேயே இல்லாத கட்டடம். மதுக்கடைக்கு அடுத்த சந்தில், மேல்மாடியில் கண் டாக்டர் இருக்கிற பழைய கட்டடம். யாரும் கூப்பிடாமல் அந்த ஆளாகவே போய், கெட்டிருந்த பூட்டைச் சரிசெய்வதாக நினைத்து வயரை மாட்டி, ஒழுங்காக வீட்டுச் சாவியையும் கோத்துத் தொங்கவிட்டு வந்திருக்கிறான். வழக்கத்தை மட்டும் மறக்கவில்லை. எடுக்கப் போன மெக்கானிக் கிணற்றின் அடியில் இறங்கிப் பார்த்தபோது அங்கே ஒரு குடை கிடந்தது. பழைய குடை, தூசி படியாதது, கம்பி வளைந்திருந்தது.

யாருடையது என்று தெரியவில்லை. காவலாளி கேட்டார், கண் டாக்டரின் ஆட்கள் கேட்டார்கள், எவரும் உரிமை கொண்டாடி வரவில்லை. கண் சரியாகத் தெரியாத யாரோ ஒருவர் கதவை இழுத்துத் திறந்து, குடையை முன்னால் ஊன்றி, குடை போன பிறகு காலைப் பின்னால் எடுத்திருக்கிறார். அப்படித்தான் இருக்க வேண்டும். எவரிடமும் சொல்லாமல் படியிறங்கிப் போயிருக்கிறார். கப்பி இன்றைக்கும் தெருவில் தட்டுத்தடுமாறி நடக்கும் யாரைப் பார்த்தாலும், கையில் புதுக்குடை இருக்கிறதா என்று பார்க்கிறான்.

அன்றைக்குச் சாயங்காலம் போன் அக்கா வேலை முடிந்து நேராக அவன் வீட்டுக்கு வந்தாள். "வேலையப் பத்தி மேல இருக்கறவங்க பேசிக்குவாங்க, அதுல நான் தலையிட முடியாது" என்றாள். "என் வீட்லயும் ஒருத்தர் இருந்தாரு. கடைசி வரைக்கும் அவரும் யாருக்கும் போன் பண்ணல, நாங்களும் பண்ணல. நீ பண்ணிட்ட. அதோட நிறுத்திராத."

"இன்னையோட தொட மாட்டேன்க்கா. சத்தியம். இந்த நிமிஷத்துலேர்ந்து ஒரு சொட்டு கிடையாது."

"அப்படி நிறுத்தற வேலையே வேணாம்" என்றாள் மனைவி. அவள் குரல் உயர்ந்து அவன் கேட்டதில்லை. "தினமும் குடிக்கறவங்க திடீர்னு தானா நிறுத்தினா வலிப்பு வரும். உயிரே போயிரும். எங்க கடைக்கு அப்படி ஓடி வந்தவங்களை நான் பாத்திருக்கேன். குடிநோய்க்குன்னே ஆஸ்பத்திரில ஒரு வார்டு இருக்கு. அந்த டாக்டர் நம்பர் என் பர்ஸ்ல ரொம்ப நாளாக் கெடக்கு. எப்ப எடுத்துக் குடுக்கறதுன்னு தெரியாம வெச்சிருந்தேன். கெளம்புங்க."

ஆஸ்பத்திரி வார்டில் மாத்திரையும் ஊசியும் போட்டுப் படுக்க வைத்தார்கள். உடம்பு வேர்த்தது, குலுங்கியது. அங்கே ஒரு பிற்பகல், ஜன்னல் வழியே வெயில் விழுந்திருக்க, கட்டிலின் கால்மாட்டில் அந்த ஆள் உட்கார்ந்திருந்தான். கம்பெனிச் சீருடை. கப்பியின் சட்டையில் இருக்கும் அதே கிரீஸ் கறை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, பொறுமையாக உட்கார்ந்திருந்தான். கப்பி கத்த முயன்றான், வெறும் காற்றுதான் வந்தது.

"உங்கப்பன் இருக்கானா?" என்று அந்த ஆள் திரும்பாமலே கேட்டான்.

வார்டு பணியாளர் ஓடி வந்து தோளைப் பிடித்தார். "யாரு, கால்மாட்டுலயா? உக்காரட்டும் விடுங்க. ஜன்னலோரக் கட்டில்காரர் நேத்து முழுக்க இல்லாத எறும்பைத் தட்டிக்கிட்டிருந்தாரு, உங்களுக்கு ஒரு ஆள்தானே!" என்றார். சிரித்துக்கொண்டே நர்சைக் கூப்பிட்டார். நர்ஸ் ஓட்டமாக வந்ததிலிருந்து அது சிரிக்கிற விஷயமில்லை என்று தெரிந்தது. ஊசி போட்டார்கள். அந்த ஆள் எழுந்து போகவில்லை. மெல்ல மெல்ல வெளுத்து, போர்வையின் மடிப்பாக ஆனான்.

தெளிந்த பிறகு டாக்டரிடம் கேட்டான். "அன்னைக்கு நான் குடிச்சிருந்தா அந்த ஆள் வந்து சொல்லியிருப்பானா, டாக்டர்?"

டாக்டர் நடுவயதுப் பெண்மணி. சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. "மாட்டார். அவருக்கும் தெரியாது. அந்த அளவு குடிக்கும்போது கை கால் வேலை செய்யும், வாய் பேசும், ஆனா மூளை எதையும் பதிஞ்சு வைக்காது. மறந்துட்டீங்கன்னு நெனைக்கறீங்க. மறக்கறதுக்கே அங்க ஒண்ணும் இல்ல. அப்படி ஒரு ஆளே கிடையாது. நீங்கதான் இருந்தீங்க."

கப்பிக்கு அது எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. இன்னொருவன் வயரை மாட்டினான் என்றால் அவன் மேல் பழி போடலாம். ஒருவருமே அறியாமல் அந்த வயர் மாட்டப்பட்டது என்றால் என்ன செய்வது?

"இது வியாதி" என்றார் டாக்டர். "வியாதின்னு சொல்றது உங்களை மன்னிச்சு விடறதுக்கு இல்ல. வைத்தியம் இருக்குன்னு சொல்றதுக்கு. வேதாளம் மறுபடி முருங்கைமரம் ஏறப் பாக்கும். ஏறினா மறைக்காம வந்து சொல்லணும். அவ்வளவுதான் உங்க வேலை." பிறகு மனைவியிடம் திரும்பினார். "நீங்க பிள்ளைகிட்ட சொன்ன பொய் அன்னைக்கு உங்களால முடிஞ்சது. தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஆளுக்கு உங்க வீட்ல ஒரு நாற்காலி போட்டு வெச்சிட்டீங்க. அதை எடுக்கணும்." மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கப்பி பார்க்க அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

கம்பெனி அவனை லிஃப்ட் பக்கம் விடவில்லை. அதுவே நியாயம். கிடங்கில் உதிரி பாகங்களை எடுத்துக் கொடுக்கிற வேலை கிடைத்தது. வாரம் ஒரு நாள் நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற அறையில், இவனைப் போன்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசும் கூட்டத்துக்குப் போகிறான். முதல் நாள், 'நான் லிஃப்ட் மெக்கானிக், நான் குடிநோயாளி' என்று சொல்வதற்குள் அவன் தேநீர் ஆறிவிட்டது. அங்கே ஒரு தையல்காரர், காலையில் எழுந்தபோது தான் தைத்த ஞாபகமே இல்லாத சட்டை ஒன்று மேசைமேல் இருந்த கதையைச் சொன்னார். அளவு யாருடையது என்று இன்னும் தெரியாதாம். எல்லாரும் சிரித்தார்கள்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை ஒன்று பாக்கி இருந்தது. மகளிடம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவள் அவனிடம் மரியாதையாகவே நடந்துகொண்டாள், தெரியாத வீட்டுக்குப் போன பிள்ளை மாதிரி. சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வந்தால் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தை எடுப்பாள்.

ஒரு விடுமுறை நாள் காலை, அவள் மேசையில் படம் வரைந்துகொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்தான். மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"சாயங்காலம் ஒரு ஆள் வருவாருன்னு சொல்லுவியே கண்ணு."

அவள் பென்சிலை நிறுத்தினாள்.

"அது வேற ஆள் இல்லம்மா. அப்பாதான். அப்பா குடிச்சிட்டு வந்தேன். குடிச்சா அப்பாவுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. அது ஒரு வியாதி. அதுக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்." மனப்பாடம் செய்து வைத்திருந்ததில் பாதிதான் வெளியே வந்தது.

"தெரியும்" என்றாள் மகள்.

"தெரியுமா?"

"ரொம்ப நாளாத் தெரியும். அம்மாகிட்டதான் சொல்லல. சொன்னா அம்மா அழுவாங்கன்னு." அம்மா நின்ற பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சின்ன வீட்டுக்குள் மூன்று பேரும் ஆளுக்கொரு பொய்யைக் கட்டிக் காத்து வந்திருக்கிறார்கள், அவர்களிலேயே வயதில் சின்னவள் இரண்டு பேரையும் சேர்த்துக் காத்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று கப்பி வாயெடுத்தான். அதற்குள் அவள் கேட்டாள்.

"திரும்ப வருவாரா?"

வர மாட்டார் என்று சொல்லிவிடலாம். பிள்ளை சந்தோஷப்படும். அவன் நாக்கு நுனிவரை அது வந்துவிட்டது.

"தெரியாதும்மா. வராம இருக்கத்தான் மாத்திரை சாப்பிடறேன், கூட்டத்துக்குப் போறேன். ஆனா வரவே மாட்டாருன்னு என்னால சொல்ல முடியாது."

மகள் அவன் முகத்தையே பார்த்தாள். யோசித்தாள். பிறகு, தயங்கித் தயங்கி இல்லை, நன்றாக முடிவு செய்துதான் சொன்னாள்.

"வந்தா நான் கதவத் தொறக்க மாட்டேன். அம்மாவையும் தொறக்க விட மாட்டேன்."

"தொறக்காதம்மா" என்றான் கப்பி. "நான் எவ்வளவு தட்டினாலும் தொறக்காத."